தெரினியா, ஆகஸ்டு 1996: இரு மரணங்களைப் பற்றி முரண்படும் விவரங்கள்

கேள்வி (முல்லைவனம்):

அனைவருக்கும் வணக்கம். தெற்கே கிரேக்க சைப்ரஸ் மக்களும், துருக்கியப் படையின் பிடியிலுள்ள வடக்கே துருக்கிய சைப்ரஸ் மக்களுமாகச் சைப்ரஸ் தீவு பிரிந்ததைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்கு வந்ததும் மேற்கொண்டு நகர முடியவில்லை. அம்மாதம் 11ஆம் நாள், தெரினியா என்னும் ஊருக்கு அருகே, இரு தரப்புக்கும் நடுவே ஐ.நா. அமைதிப்படையின் காவலில் உள்ள இடைப்பகுதியில், தாசோஸ் ஐசாக் என்ற 24 வயது கிரேக்க சைப்ரஸ் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கு நடந்த 14ஆம் நாளிலேயே, அவருக்கு உறவினரான 26 வயது சொலோமோஸ் சொலோமு அதே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதுவரை எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். இதற்கு மேல் ஒருவர் எழுதியதற்கும் மற்றவர் எழுதியதற்கும் தொடர்பே இல்லை. நிராயுதபாணிகளான இருவரைத் துருக்கியத் தரப்பின் அரசுப் படையினரே கொன்றார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எல்லையை உடைக்க வந்த வன்முறைக் கூட்டத்தைத் தடுத்தபோதும், துருக்கியத் தேசியக் கொடியைக் காத்தபோதும் நேர்ந்த சாவுகள் இவை என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டையும் படித்துவிட்டு, ‘மோதலில் இருவர் இறந்தனர்’ என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது நியாயமான வாக்கியம்தானா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (கரிசல்காரர்):

முல்லைவனம் அவர்களுக்கு, அந்த வாக்கியம் நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மரணங்களையும் சேர்த்துக் கட்டாமல் தனித்தனியே பாருங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தெளிந்துவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் துருக்கி சைப்ரஸ் மீது நடத்திய படையெடுப்பின் 22ஆம் ஆண்டை ஒட்டி, சைப்ரஸ் மோட்டார் சைக்கிள் சம்மேளனம் பெர்லினிலிருந்து துருக்கியப் படையின் பிடியிலுள்ள கிரீனியா துறைமுகம் வரை ஓர் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தது. ஐ.நா. தலைமையும் சைப்ரஸ் குடியரசுத் தலைவர் கிளெரிதீசும் வற்புறுத்தியதால் கடைசி நேரத்தில் சம்மேளனம் அதைக் கைவிட்டது. ஆனாலும் திரண்டிருந்தவர்களில் பலர் கலையாமல் தெரினியாவை நோக்கிச் சென்றார்கள். எதிர்ப்புறத்தில் அவர்களுக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. துருக்கியிலிருந்து வந்திறங்கிய ‘சாம்பல் ஓநாய்கள்’ என்னும் தீவிர தேசியவாத அமைப்பினரும் அதில் இருந்தனர்.

ஐசாக் இடைப்பகுதிக்குள் முள்வேலி அருகே சிக்கிக்கொண்டார். அவரைச் சுற்றி நின்று தடிகளாலும் கம்பிகளாலும் அடித்தார்கள். படம்பிடிக்கும் கருவிகள் பல அங்கே இருந்தன என்பதால், அடித்தவர்களுக்கு நடுவே சீருடை அணிந்த துருக்கிய சைப்ரஸ் காவலர்களும் இருந்தது பதிவாகியிருக்கிறது. ஒரு கும்பல் கட்டுமீறிப் போய்விட்டது என்ற விளக்கம் இந்த இடத்தில் நிற்காது.

சொலோமுவின் நிலை வேறு. நீங்கள் ‘அதே இடத்தில்’ என்று எழுதியிருப்பதைச் சற்றே திருத்த வேண்டும். அவர் ஐ.நா. வீரர்களைத் தாண்டி ஓடி, துருக்கியப் படையின் போர்நிறுத்தக் கோட்டையும் கடந்து, அங்கிருந்த கொடிக்கம்பத்தில் ஏறினார். துருக்கியக் கொடியை இறக்குவதே அவருடைய நோக்கம். அதை எவரும் மறுக்கவில்லை. கம்பத்தில் பாதி ஏறியிருந்தபோது குண்டுகள் பாய்ந்தன. தொடர்ந்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐ.நா. படையைச் சேர்ந்த பிரிட்டிஷ் வீரர்கள் இருவர் உட்பட வேறு சிலரும் காயமடைந்தார்கள். கோட்டைத் தாண்டினார் என்று மறுதரப்பு சொல்வது உண்மை. ஆனால் இரு கைகளாலும் கம்பத்தைப் பற்றியிருந்த ஒருவரைக் கீழே இறக்கிக் கைது செய்ய ஒரு படைக்கு எத்தனையோ வழிகள் இருந்தன என்பதும் உண்மை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூன் 24 அன்று இரண்டு வழக்குகளிலும் தீர்ப்பு வழங்கியது. உயிர் வாழும் உரிமையைத் துருக்கி மீறியது என்றும், முறையான விசாரணையை நடத்தத் தவறியது என்றும் இரண்டிலும் கண்டது. ஐசாக் வழக்கில் துருக்கியின் முக்கியமான வாதங்களில் ஒன்று, இடைப்பகுதி தன் ஆளுகையில் இல்லை என்பது. மண் யாருடையதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அந்த மனிதர் துருக்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களின் பிடியில் இருந்தார் என்று சொல்லி, நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் செய்த கொலைக்கு யாரும் பொறுப்பில்லை என்ற நிலை வந்துவிடாமல் தடுத்த தீர்ப்பு என்பதால், இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுமொழி (நெய்தல் வாசகி):

கரிசல்காரர் ஐயா எழுதியவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் தொடாத இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, ஐ.நா. பாதுகாப்பு அவை 1996 டிசம்பரில் நிறைவேற்றிய 1092ஆம் தீர்மானம். துருக்கிய, துருக்கிய சைப்ரஸ் தரப்பு தேவையின்றியும் அளவுக்கு மீறியும் வன்முறையைக் கையாண்டதை அது கண்டிக்கிறது. அதே மூச்சில், ஆர்ப்பாட்டக்காரர்களைத் தடுக்க வேண்டிய சைப்ரஸ் காவல்துறை பெரும்பாலும் வேடிக்கை பார்த்து நின்றதையும் குறை கூறுகிறது. கிரேக்க சைப்ரஸ் தரப்பில் எழுதுபவர்கள் இரண்டாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள். துருக்கியத் தரப்பில் எழுதுபவர்கள் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே எடை உடையவை அல்ல. இளைஞர்களைத் தடுக்காமல் விட்டது கடமை தவறியது. அடித்தும் சுட்டும் கொன்றது கொலை. ஆனாலும் தீர்மானத்தில் இருப்பதை முழுமையாகச் சொல்வதே முறை. செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட துருக்கிய சைப்ரஸ் படைவீரர் ஒருவரையும் அதே தீர்மானம் குறிப்பிடுகிறது என்பதைப் பலர் சொல்வதே இல்லை.

இரண்டாவது, ஆகஸ்டு 14 என்ற நாள். கிரேக்க சைப்ரஸ் மக்களுக்கு அது 1974இல் துருக்கியின் இரண்டாம் கட்டத் தாக்குதல் தொடங்கிய நாள். தெரினியாவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள ஃபமகுஸ்தா நகரம் கைவிட்டுப் போனது அந்தத் தாக்குதலில்தான். துருக்கிய சைப்ரஸ் மக்களுக்கோ, அதே 1974 ஆகஸ்டு 14, ஃபமகுஸ்தாவுக்கு அருகிலுள்ள மராதா, சந்தலாரிஸ், அலோவா ஆகிய மூன்று கிராமங்களில் பெண்களும் குழந்தைகளுமாக 126 பேர் கிரேக்க சைப்ரஸ் ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்ட நாள். அந்த நாளில் அந்தக் கம்பத்தை நோக்கி ஒருவர் ஓடி வந்தபோது மறுபக்கத்தில் நின்றவர்கள் எதை நினைத்து அஞ்சினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும். சுட்டதை நியாயப்படுத்த இது உதவாது. அப்போது துருக்கியின் வெளியுறவு அமைச்சராக இருந்த தான்சு சில்லர் சைப்ரஸின் வடபகுதிக்கு வந்து, கொடியை நோக்கி நீளும் கைகள் உடைக்கப்படும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சில் 1974இன் துயரம் இல்லை. அதிகாரத்தின் மிரட்டல்தான் இருந்தது.

மறுமொழி (கரிசல்காரர்):

நெய்தல் வாசகி அம்மையார் சொன்ன தேதிப் பொருத்தம் நான் கவனிக்கத் தவறியது, நன்றி. விவரங்கள் முரண்படும்போது அவற்றின் தொடக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று முல்லைவனம் அவர்களுக்குச் சொல்வேன். ஒருவர் 1974 ஜூலையில் துருக்கியப் படை இறங்கிய நாளிலிருந்து கதையைத் தொடங்குவார். மற்றவர் 1963 டிசம்பரில் துருக்கிய சைப்ரஸ் மக்கள் தாக்கப்பட்டதிலிருந்து தொடங்குவார். தொடங்கும் ஆண்டைப் பொறுத்தே கொடிக்கம்பத்தில் ஏறியவர் வீரராகவோ அத்துமீறியவராகவோ மாறுகிறார். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது மட்டும் எந்த ஆண்டில் தொடங்கினாலும் மாறுவதில்லை.

முல்லைவனம்:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டில் இருந்த வரியை அடித்துவிட்டேன். ‘ஆகஸ்டு 11 அன்று இடைப்பகுதியில் தாசோஸ் ஐசாக்கைக் கும்பலும் அதனுடன் சீருடைக் காவலர்களும் அடித்துக் கொன்றனர், ஆகஸ்டு 14 அன்று போர்நிறுத்தக் கோட்டைக் கடந்து கொடிக்கம்பத்தில் ஏறிய, ஆயுதம் ஏந்தாத சொலோமோஸ் சொலோமுவைத் துருக்கியத் தரப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர், இரண்டுக்கும் துருக்கியே பொறுப்பு என்று 2008இல் தீர்ப்பானது’ என்று எழுதியிருக்கிறேன். 126 பேரைப் பற்றிய குறிப்பை அதே பக்கத்தில், 1974 என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்திருக்கிறேன். இந்தக் கொலைகள் தொடர்பாகச் சைப்ரஸ் அரசு பிறப்பித்த கைது ஆணைகளைப் பற்றி அடுத்த வாரம் தனி இழையில் கேட்கிறேன்.