புதுப்பிப்பு: 4 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையருக்குச் சின்ன ஸ்பீக்கர்

மழைக்கு முன்னால் கேட்டிருந்தேன்: என் ஆம்ப்ளிஃபையரில் ஒற்றை ஈஎல்84 வால்வு (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்), 4 வாட்; 86 டெசிபல் (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் கேட்கும் சத்தம்) ஷெல்ஃப் ஸ்பீக்கரில் சத்தம் கூட்டினாலே கரகரப்பு, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

பலித்தது மோல்மேன் அண்ணன் சொன்ன வழி. ஆம்ப்ளிஃபையரை மாற்றாதே, ஸ்பீக்கரை மாற்று என்றார். 93 டெசிபல், 8 ஓம், 6 அங்குல ஒற்றைக் கோன் (எல்லா ஸ்வரத்தையும் ஒரே காகிதக் கூம்பு பாடும் ஸ்பீக்கர்). 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 15 லிட்டர் பெட்டி. 7 டெசிபல் கூடுவது என்றால் பவரை ஐந்து மடங்காக்கின மாதிரி. அதே 4 வாட் இப்போது பழைய ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்த அளவுக்குக் கேட்கிறது. ரங்கூனில் எங்கள் ஃப்ளாட் கூடத்துக்கு இதுவே தாராளம். நாகஸ்வரம் போட்டால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுகிறார்.

எதிர்பாராதது ஒன்று: தவில் 'தும்' என்று இழுத்தது. பெட்டியில் தப்பில்லை. ஃபீட்பேக் (வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி, தப்பைத் திருத்தும் ஏற்பாடு) இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபையருக்குக் கோனைப் பிடித்து நிறுத்தும் பிடி குறைவு. பெட்டியின் பின்பக்கத் துளையில் என் பழைய காலுறையைத் திணித்தேன், பாதி அடங்கியது. பிறகு ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபையரின் 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் இழுவை போயே போச்சு. மாற்றும்போது பவரை அணைத்துவிடுங்கள், ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

பேஃபிள் ஸ்டெப் சர்க்யூட் (சின்னப் பெட்டியில் மெலியும் பாஸுக்கு ஈடாக மேல் ஸ்வரங்களைக் குறைப்பது) போடவில்லை. அது தின்னும் டெசிபலை என்னால் கொடுக்க முடியாது. சுவரை ஒட்டி வைத்ததில் கூடிய பாஸே போதும்.