தவளைக்குத் தவளை ஓட்டம் ஏன் மாறுகிறது?

பனசங்கரிவாசி:
பெங்களூரில் மழை பிடித்ததிலிருந்து எங்கள் குடியிருப்பில் எங்கே பார்த்தாலும் தவளைதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கேள்வி கேட்டுத் துளைக்கிறாள். ஏரிக்கரையில் இருப்பது நாம் கிட்டே போனதும் ஒரே தாவில் தண்ணீருக்குள் போய்விடுகிறது, பார்க்கிங்கில் இருக்கும் சொறித்தேரை தத்தித் தத்தி, சில நேரம் நடந்தே போகிறது, மூன்றாவது மாடி பாத்ரூம் டைல்ஸில் ஒரு பழுப்புத் தவளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னங்கால் பெரிசு, முன்னங்கால் சிறிசு. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்தச் சின்ன உடம்புக்குத் தாவும் வேகம் எங்கிருந்து வருகிறது?

ஏரிக்கரை:
உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். தவளையின் பின்னங்காலை ஓரமாக இருந்து பாருங்கள், நமக்குத் தொடை, கீழ்க்கால், பாதம் என்று மூன்று பகுதி என்றால் அதற்கு நான்கு. கணுக்கால் எலும்புகள் இரண்டு நீண்டு தனியாக ஒரு மடிப்பாகிவிட்டன. முதுகில் கூன் மாதிரி தெரிகிறதே, அங்கேதான் இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேருகிறது. அந்த மூட்டும் அசையும், தாவும்போது நிமிரும்.

ஆனால் தசை மட்டும் சுருங்கி அந்த வேகத்தைக் கொடுத்துவிட முடியாது. கெண்டைக்கால் தசையிலிருந்து பாதத்துக்குப் போகும் தசைநாண்தான் விஷயம். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தவளையின் காலில் சின்ன உலோக மணிகளைப் பதித்து, அது தாவும்போது எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு. தவளை அசைவதற்கு முன்பே தசை சுருங்கத் தொடங்கி நாணை இழுத்து வைத்துவிடுகிறது, பிறகு கணுக்கால் விரியும்போது நாண் சட்டென்று சுருங்கி அந்த விசையை மொத்தமாக விடுகிறது. உண்டிவில் மாதிரியேதான்.

தேரைக்குப் பின்னங்கால் உடம்பைப் பார்க்கக் குட்டை, அதனால் தாவல் சின்னது. ஆனால் தரையிறங்குவதில் அது கெட்டி. தரையைத் தொடும் முன்பே முன்னங்காலை நீட்டி விறைப்பாக்கி, முழு எடையையும் கையில் வாங்கிக்கொள்ளும். முன்னங்கால் சிறிசு என்று சும்மா விட்டுவிடாதீர்கள்.

மல்லேஸ்வரம் மழை:
டைல்ஸ்காரர் மரத்தவளை. டைல்ஸில் இருப்பதால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து விரல் நுனியைப் பாருங்கள், வட்டமாகத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டில் அறுகோண வடிவச் செல்கள், நடுநடுவே வாய்க்கால், அதில் வழவழப்பான திரவம். அந்த மெல்லிய ஈரப் படலம்தான் ஒட்ட வைக்கிறது. காலை எடுக்கும்போது தட்டைப் பின்பக்கத்திலிருந்து உரித்து எடுக்கும், அதனால் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம்ம ஊர்க்காரர் என்பதால். 2020இல் பெங்களூர் புறநகரில் கண்டுபிடித்து ஊர்ப் பெயரையே வைத்த ஸ்பெரோதீக்கா பெங்களூரு என்ற வளைத்தவளை. பின்பாதத்தின் உள்ளோரத்தில் கெட்டியான ஒரு முகடு இருக்கும், அதால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்புறமாகவே பூமிக்குள் இறங்கிவிடும். தலை கடைசியில்தான் மறையும். இதுக்கு மண் வேண்டும், நாம் காலி மனையெல்லாம் கான்கிரீட் போட்டால் இந்தக் காலால் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். எனக்கு இதை நினைத்தால் மனசு ஆறவே ஆறாது.

பனசங்கரிவாசி:
ரொம்ப நன்றி இருவருக்கும். நேற்று எங்கள் மழைநீர்த் தொட்டிக்குள் ஒரு தேரை விழுந்து கிடக்கிறது, சுவர் செங்குத்து. ஏறி வருமா?

ஏரிக்கரை:
வராது. விரல் நுனியில் ஒட்டும் தட்டு கிடையாது, தாவலும் அவ்வளவு உயரம் போகாது, நீந்தி நீந்தி அசந்துவிடும். ஒரு சொரசொரப்பான பலகையைச் சரிவாக, கீழ் முனை தண்ணீருக்குள் மூழ்கும்படி சாய்த்து வையுங்கள். இன்று ராத்திரியே வையுங்கள். காலை வரைக்கும் ஏறவில்லை என்றால் வாளியால் எடுத்து நிழலான புதர் ஓரமாக விட்டுவிடுங்கள், மகள் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் புடைப்பில் நஞ்சு உண்டு.