விபுல்லட்டினிலிருந்து டிஸ்கோர்ஸுக்கு மாறும்போது தமிழ் எழுத்து சிதையாமல் இருக்க?

கோபி மஞ்சள்காடு:
மஞ்சள் விவசாயிகளுக்கான எங்க கலந்துரையாடல் தளம் விபுல்லட்டின் 4-ங்கிற மன்ற மென்பொருள்ல ஓடுதுங்க. டிஸ்கோர்ஸ்ங்கிற இன்னொரு மன்ற மென்பொருளுக்கு மாத்தோணும். தரவுத்தளத்தை டம்ப் (மொத்தமா ஒரு கோப்பு நகல்) எடுத்துப் பார்த்தா தமிழெல்லாம் கிறுக்கலா வருது. பழைய கடவுச்சொல், சுட்டிகள் என்னாகுமுங்க?

நொய்யல்கரை:
எழுத்து அழியலைங்க, குறியாக்கத்தோட (எழுத்தை எண்ணா சேமிக்கிற முறை) பேர்தான் மாறிக் கிடக்குது. தரவுத்தள அட்டவணை லத்தீன்1-னு (பழைய ஐரோப்பிய எழுத்துக் குறியாக்கம்) சொல்லுது, உள்ள இருக்கிறது யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கிய யூனிகோட் குறியாக்கம்). மைஎஸ்க்யூஎல் (தரவுத்தள மென்பொருள்) டம்ப் எடுக்கையில அதை மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கிடுது, அதான் இரட்டைச் சிதைவு. டம்ப்பை லத்தீன்1-னே குறிப்பிட்டு எடுங்க. அப்புறம் கோப்புக்குள்ள இருக்கிற லத்தீன்1-ஐ எல்லா இடத்துலயும் யூடிஎஃப்8எம்பி4-னு (மைஎஸ்க்யூஎல்ல முழு யூடிஎஃப்-8-க்குப் பேர்) மாத்தி, புதுத் தரவுத்தளத்துல ஏத்துங்க. சில பதிவுல "த"-வுக்குப் பதிலா த-னு எண் குறியீடு இருக்கும். அது வேற கோளாறு, தனியா எழுத்தாக்கோணும்.

பவானி மேற்கு:
இறக்குமதிக்கு முன்னாடியே யூனிகோட் பயனர்பெயர் அமைப்பை இயக்கிடுங்க அண்ணா. இல்லீன்னா தமிழ்ப் பெயர்ல இருக்கிறவங்க அடையாளமே போயிரும், அத்தனை வருச உழைப்புக்கு அது அநியாயம். சுட்டியில தமிழ்த் தலைப்பு வரோணும்னா ஸ்லக் (சுட்டியில வர்ற தலைப்புப் பகுதி) முறையை 'என்கோடட்'னு வையுங்க.

நொய்யல்கரை:
கடவுச்சொல்லை எல்லாரும் மின்னஞ்சல் வழியா புதுசா வெச்சுக்கோணும், அதனால அஞ்சல் போகுதான்னு முதல்ல சோதிங்க. இறக்குமதி முடிஞ்சதும் அஞ்சல் நிறுத்தம் இன்னும் இருக்குதான்னு பாருங்க, இருந்தா கையால எடுத்துவிடோணும். பழைய சுட்டிகளுக்குப் பெர்மாலிங்க் (பழைய முகவரியைப் புதுப் பக்கத்துக்குத் திருப்புறது) பதிவு செய்யுங்க. சர்வர் நினைவகம் 1 ஜிபி-ன்னா ஸ்வாப் (நினைவகம் பத்தாதப்போ வட்டுல ஒதுக்குற இடம்) 2 ஜிபி கண்டிப்பா வேணும்.