முதல் சிங்களப் பேசும் படம்: மதுரைக்காரர்களே, உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா தச்சர். 1946 வாக்கில் மதுரை சித்ரகலா ஸ்டூடியோவில் 'கொழும்புக்காரர்கள் படத்துக்கு' வீடு, திண்ணை எல்லாம் பலகையில் செய்து கொடுத்ததாகச் சொல்வார். சிறுவயதில் நான் நம்பவில்லை. அவர் கொஞ்சம் கதை அளப்பவர்.

இப்போது தேடிப் பார்த்தால், முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' மதுரையில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம், தமிழர். மேடையில் நன்றாக ஓடிய ஒரு நாடகத்தையே படமாக்கி, 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் வெளியிட்டார்கள். நாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ்.

அக்காலச் சிங்களப் படங்கள் பலவும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் உருவானவைதான். அந்தப் பழக்கத்தை விட்டு, 1956-இல் இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கேமராவைச் சிங்களக் கிராமத்துக்கே கொண்டுபோனார். விமர்சகர்கள் அங்கிருந்துதான் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். அதனால் மதுரைக் காலத்தைப் பற்றி அரை வரிக்கு மேல் கிடைப்பதில்லை. எனக்கு இதில் வருத்தமுண்டு.

நான் கேட்பது இதுதான்: சித்ரகலாவில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தினர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? படப்பிடிப்புப் புகைப்படம், பாட்டுப் புத்தகம், சம்பளச் சீட்டு, எதுவானாலும் சரி. இலங்கை நண்பர்களிடம் பழைய சிங்களப் பத்திரிகை நறுக்குகள் இருந்தால், படம் பிடித்து அனுப்புங்கள். சிங்களம் வாசித்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.