புதுச் சைக்கிளை விற்கமுதல் ஓடிப் பார்க்கிற முறை என்ன?

கல்லடிக் கடை:
ஸ்டாண்டர்ட், லேடீஸ், மவுண்டன், ஒல்லி ரயர் ரேஸ் என்று நாலு வகை கடையில் நிற்குது. வேலைக்கு நிற்கிற பொடியன்மார் ஒவ்வொன்றையும் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து "நல்லாக் கிடக்கு அண்ணன்" என்கிறாங்க. வாங்கின ஆள் மூன்றாம் நாள் திரும்பி வாறார்: கியர் பாயுது, பிறேக் பிடிக்குதில்ல. ஓடிப் பார்க்கும்போது எதைப் பார்க்கச் சொல்லவேணும்? வகைக்கு வகை வேறுபடுமா?

போல்ஸ் டப்பா:
பொடியன்மார் பொய் சொல்லேல்ல தம்பி. அன்றைக்கு அது நல்லாத்தான் இருந்திருக்கும். புதுக் கேபிளின் வெளிக்குழாய் முனைகள் தொப்பியில் இறங்கி உட்கார்ந்ததும் கேபிள் தளரும், கியர் தடுமாறும். சில்லுக் கம்பிகளும் அப்படித்தான், முதல் ஓட்டத்தில் "டிங் டிங்" என்று கேட்கிறது முறுக்கு விடுபடுகிற சத்தம். அந்த இளக்கம் வாங்கினவர் வீட்டில் நடக்காமல் கடையிலேயே நடக்கவேணும். ஓடிப் பார்க்கிறதே அதுக்குத்தான்.

கியர் கேபிளைச் சட்டத்தின் பக்கத்தில் பிடித்து நாலைந்து தரம் கையால் இழுத்துவிட்டு, பிறகு கியரைச் சரிபண்ணுங்க. டிஸ்க் பிறேக் என்றால் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், சில்லு இறுகி வழுக்காமல் நடைவேகத்துக்குக் குறைக்கவேணும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக 15–20 தரம். புதுப் பிறேக் பாட் இப்படித் தேய்ந்துதான் டிஸ்க்கைப் பிடிக்கும். ஓடி முடிய றிம் நெளிவையும் பிறேக் கேபிளையும் திரும்பப் பார்க்காட்டி ஓடினதுக்கே அர்த்தமில்லை.

வெளிக்கிட முதல் காற்றைப் பாருங்க. 60–65 கிலோ ஆளுக்கு ரேஸின் 700×25 ரயரில் 85 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தம்) அளவு, ஸ்டாண்டர்டின் 28×1½க்கு 50, மவுண்டனின் 26×1.95க்கு 40 போதும். ரயரின் ஓரத்தில் அடித்திருக்கிற உச்சத்தைத் தாண்ட வேண்டாம். ரேஸ் சைக்கிளை 40இல் ஓடினால் பாரமாக இழுக்கும். கல்லில் ஏறினால் ரியூப் றிம்மில் நசிந்து இரட்டை ஓட்டை விழும். சீற்றையும் ஓடுகிறவனுக்கு ஏற்றபடி வையுங்க: பெடல் கீழே நிற்க, குதிக்கால் அதில் பட, முழங்கால் நேராக வரவேணும். இல்லாட்டி அவன் சீற்றைப் பற்றித்தான் வந்து சொல்லுவான், சைக்கிளைப் பற்றி இல்லை.

பாலத்தடி:
வகைக்கு வகை வேறுதான்.

மவுண்டனில் கியர். நம்மட ஊரில் ஏற்றம் என்று பாலத்தைத்தான் சொல்லலாம், அதில் ஏறும்போது பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றிப் பார்க்கட்டும். செயின் அதைத் தாண்டிக் கம்பிக்குள் விழப் பார்த்தால் டெரைலரில் (பின்னால் செயினைப் பல்லுக்குப் பல்லு மாற்றுகிற சாமான்) "எல்" ஆணியை உள்ளே முறுக்குங்க. சின்னப் பல்லைத் தாண்டிச் சட்டப் பக்கம் விழுந்தால் "எச்". இரண்டு அந்தமும் சரியாக இருந்து நடுவில் மட்டும் தடுமாறினால் ஆணியைத் தொடவே வேண்டாம், அது கேபிள். கேபிளை இறுக்குகிற இழுவைத் திருகை அரைச் சுற்று வெளியே விடுங்க. அதுக்கும் சரிவராட்டி டெரைலரைத் தாங்குகிற காது வளைஞ்சிருக்கும். பெட்டியில் வரும்போதே அது நடக்கும்.

ஸ்டாண்டர்டில் பார்க்கவேண்டியது பிறேக். கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கிற பிறேக்கின் கட்டை றிம்மின் உள்பக்கத்தில் சமமாகப் படவேணும். இரும்பு றிம் நனைந்தால் பிடி பாதியும் இல்லை, ஆகவே வாளித் தண்ணியை ஊற்றிவிட்டு ஒருக்கா ஓடிப் பார்க்கவேணும். ஹாண்டில் மெதுவாகத் திரும்புவது குறையில்லை, அதன் அமைப்பு அப்படி. ரேஸ் சைக்கிள் தொட்டதும் திரும்பும். ஒன்றில் இருந்து இறங்கி உடனே மற்றதில் ஏறினால் எதையும் பிழையாகச் சொல்லத் தோன்றும்.

எதுவானாலும் முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்காமல் றோட்டுக்கு விடவேண்டாம். கழுத்துக் கப் லூஸ் என்றால் கையில் "டக்" என்று தெரியும்.

கல்முனை நானா:
எல்லாம் சரி, ஒரு விசயம். கல்லடியில் கடை என்றால் பொடியனுகள் கடற்கரை மணலுக்குத்தான் விடுவானுகள். விற்கிற சைக்கிளை அங்க விடாதீங்க. உப்பு மணல் செயினுக்குள்ள போனா எண்ணெயோட சேர்ந்து அரைக்கும். மணலில் ஓடிக் காட்டத்தான் வேணும் என்றால் ஒரு மவுண்டனை அதுக்கென்றே ஒதுக்கி வையுங்க. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் போன வழியாலேயே திரும்பி வரச் சொல்லுங்க, ஒரு பக்கம் மட்டும் ஓடினவன் காத்தைத்தான் சைக்கிள் என்று நினைப்பான். லேடீஸில் சங்கிலிக் கவர் உரசுதா, பாவாடைக்கு வலை இருக்கா, அவ்வளவுதான்.

கல்லடிக் கடை:
நன்றி. ஒரு ஸ்டாண்டர்டில் மிதிக்கும்போது "கடக்" என்று சத்தம். செயினா, கிராங்கா?

போல்ஸ் டப்பா:
மிதிக்காமல் உருளவிடுங்க. அப்பவும் கேட்டால் சில்லு. மிதித்தால் மட்டும் என்றால் பெடல் சுற்றை எண்ணுங்க: இரண்டரைச் சுற்றுக்கு ஒருக்கா வந்தால் செயினில் இறுகின கண்ணி, ஏனென்றால் 44 பல்லில் 110 கண்ணி முழுதாகச் சுற்ற அவ்வளவு எடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தால் கிராங்கை அச்சில் இறுக்குகிற ஆப்பு, அதுதான் கொட்டர் பின், அதைப் பாருங்க. நட்டை முறுக்கி அதை உள்ளே இழுக்கப் பார்த்தால் புரிதான் போகும். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, அதுக்குப் பிறகு நட்டைப் பிடிக்கவேணும். ஒரு கிலோமீட்டர் ஓடிவந்து இன்னொருக்கா அடிக்கவேணும். பின்னின் தட்டைப் பக்கத்தில் படி விழுந்திருந்தால் இரண்டு கிராங்கின் பின்னையும் மாற்றுங்க, ஒன்று ஒரு பக்கத்தாலும் மற்றது எதிர்ப்பக்கத்தாலும் போகவேணும்.