அம்பதுகளோட ராக் அண்ட் ரோல் ரெக்கார்டுல இருக்கிற உயிர் எங்க ரெக்கார்டிங்ல ஏன் வரல?

சுதிவிலகி:
நாங்க நாலு பேர், ரெண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். பழைய ராக் அண்ட் ரோல்தான் வாசிக்கிறோம், மேடையில நல்லாவே போகுது, ஆளுங்க எழுந்து ஆடுறாங்க. ஆனா ரெக்கார்டிங்னு வந்தா ஒவ்வொருத்தரா கிளிக் (காதுல வேகம் காட்டுற டிக் டிக் சத்தம்) கேட்டுக்கிட்டு வாசிச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறோம், எல்லாம் சுத்தமா இருக்கு ஆனா கேக்கவே பிடிக்கல. 1954ல எல்விஸ் பாடினத போட்டா மனுஷன் பக்கத்துலயே நிக்கிறார். என்ன ரகசியம்? எட்டு மைக் வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஏத்துற எட்டு இன்புட் இன்டர்ஃபேஸ் ஒண்ணு இருக்கு. பழைய மைக் வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, காசு கிடையாது.

டேப்புராசா:
மைக்கெல்லாம் அப்புறம். எல்விஸ அன்னைக்கு பதிவு பண்ண மெம்ஃபிஸ் தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸோட ஸ்டுடியோ ஒரே ஒரு ரூம், எல்லாரும் ஒண்ணா நின்னு வாசிப்பாங்க, அது அப்படியே மோனோ டேப்புல (எல்லாம் ஒரே ட்ராக்ல) ஏறும், பின்னாடி உக்காந்து மிக்ஸ் பண்ற பேச்சே கிடையாது. யார் சத்தம் தூக்கலா இருக்கோ அவர மைக்க விட்டு தள்ளி நிக்கச் சொல்லணும், அதான் பேலன்ஸ்.

நீங்க சொன்ன 1954 எல்விஸோட முதல் ரெக்கார்ட் 'தட்ஸ் ஆல் ரைட்'ல டிரம்ஸே இல்லைங்கிறத கவனிச்சீங்களா? எல்விஸ் கையில அக்குஸ்டிக், ஸ்காட்டி மூர் எலக்ட்ரிக் கிட்டார், பில் பிளாக் ஸ்டாண்டப் பேஸ், அவ்வளவுதான். டிக்கு டிக்குனு தாளம் மாதிரி கேக்குதே, அது பில் பிளாக் தந்திய இழுத்து கட்டை மேல அடிக்க விடுறது. அன்னைக்கு வேற பாட்டுங்க எதுவும் சரியா அமையாம பிரேக்ல எல்விஸ் ஆர்தர் க்ரூடப்போட ப்ளூஸ் பாட்ட விளையாட்டா பாடப்போய், சாம் உள்ளேர்ந்து எட்டிப்பார்த்து முதல்லேர்ந்து வாசிங்கன்னு சொன்னதுல பிறந்தது அது. ரெக்கார்டோட மறுபக்கம் பில் மன்றோவோட ப்ளூகிராஸ் பாட்டு, மன்றோ மூணு எண்ணிக்கை வால்ட்ஸா பாடினத இவங்க நாலுக்கு மாத்தி ஓட விட்டாங்க. ஒரு பக்கம் கறுப்பினத்தவங்க ப்ளூஸ், இன்னொரு பக்கம் மலைநாட்டு வெள்ளைக்காரங்க பாட்டு, ராக் அண்ட் ரோல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா நான் இந்த ஒரு ரெக்கார்டத்தான் கையில குடுப்பேன்.

குரல் பின்னாடி வர்ற அந்த குட்டி எதிரொலி ரெண்டாவது டேப் மெஷின்லேர்ந்து வர்றது. மெஷின்ல டேப்ப தொடுற ரெண்டு ஹெட்டுல பதிவு பண்ற ஹெட்டுக்கும் திருப்பிப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் அந்த தாமதம். உங்க லேப்டாப்புல ஒரு டிலேய (எதிரொலி எஃபெக்ட்) போட்டு 120, 130 மில்லிசெகண்ட் வெச்சு ஒரே ஒரு தடவ திரும்ப வர்ற மாதிரி விடுங்க, கிட்ட வந்துடும்.

ஒத்தக்காது:
டேப்புராசா சொன்னதோட பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தையும் சேத்துக்கங்க. அவங்க தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் முதல்ல அவங்க வழக்கமா வாசிச்ச லிவர்பூல் கேவர்ன் க்ளப்லயே போய் பதிவு பண்ணலாம்னு நினைச்சார், போய் பார்த்தா செங்கல் நிலவறை, சத்தம் ஒத்து வரல. அதனால 1963 பிப்ரவரி 11 அன்னைக்கு லண்டன் ஸ்டுடியோவுக்கு கூப்பிட்டு அவங்க மேடையில வாசிக்கிறத அப்படியே வாசிக்க வெச்சார், காலையில ஆரம்பிச்சு ராத்திரிக்குள்ள 10 பாட்டு. இன்ஜினியர் நார்மன் ஸ்மித் மைக்க ஆம்ப்ப விட்டு கொஞ்சம் தள்ளி வெச்சு ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்ல ஏறினா ஏறட்டும்னு விட்டுட்டார். ஜலதோஷத்தோட லெனன் கடைசியா பாடினதுதான் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', இஸ்லி பிரதர்ஸ் பாடி ஹிட்டான பாட்டு, அந்த தொண்டைக்கு ரெண்டாவது டேக் தாங்கல.

ரெண்டே ட்ராக், ஒண்ணுல வாத்தியம் ஒண்ணுல குரல். பழைய ஸ்டீரியோ மிக்ஸ போட்டு (2023 ரீமிக்ஸ் வேண்டாம்) வலது இயர்ஃபோன கழட்டிடுங்க, இடது பக்கம் கிட்டார், டிரம்ஸுக்குப் பின்னாடி குரல் லேசா கசியும். நீங்க தேடுறது அந்தக் கசிவுதான்.

ஆம்ப்மூப்பன்:
கசிவு கசிவுன்னு ரெண்டு பேரும் உசுப்பேத்தி விடாதீங்கப்பா. சின்ன ரூம்ல டிரம்ஸ் குரல் மைக்ல ஏறிச்சுன்னா சிம்பல் மட்டும்தான் கேக்கும், அப்புறம் பாடுறவர் தடுமாறின இடத்த தனியா திருத்தவும் முடியாது. டிரம்மர மெல்ல வாசிக்கச் சொல்லுங்க, அதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம் 😀. கார்டியாய்டு மைக்கோட (முன்னாடி சத்தத்த மட்டும் நல்லா எடுக்கிற மைக்) முதுகு டிரம்ஸ பார்க்கிற மாதிரி பாடுறவர நிறுத்துங்க. ஆம்ப் சின்னதா இருந்தாலே போதும், அந்தக் காலத்து ஆம்ப்பும் சின்னதுதான். 1951ல அதே மெம்ஃபிஸ் ரூம்ல 'ராக்கெட் 88' பாட்ட எடுத்தப்ப கிட்டாரிஸ்ட் ஆம்ப் வழியிலயே அடிபட்டு ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருந்துச்சு, உள்ள காகிதத்த திணிச்சு வாசிச்சாங்க, அந்த கரகரப்பத்தான் இன்னைக்கு எல்லாரும் பெடல் வாங்கி தேடுறாங்க.

சுதிவிலகி:
நன்றிண்ணே எல்லாருக்கும். க்ளிக்க தூக்கிடலாமா? நடுவுல வேகம் ஏறிடுமேன்னு பயமா இருக்கு.

டேப்புராசா:
தூக்கிடுங்க தம்பி. எல்லாரும் சேர்ந்து ஏறினா ஏறட்டும், ஒருத்தர் மட்டும் ஏறினா நிறுத்திட்டு முதல்லேர்ந்து வாசிங்க. ஹெட்ஃபோனும் வேண்டாம், வட்டமா நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்து வாசிங்க, எடுத்தத இங்க போடுங்க கேப்போம்.