மறுமொழி: 'கொலாஜ்'க்குத் தமிழ்ச்சொல் – நான் 'ஒட்டுப்படம்' பக்கம்

எல்லாருக்கும் வணக்கம்,

கொலாஜ், அதாவது பல படங்களைச் சேத்து ஒரு படமாச் செய்யிறதுக்குத் தமிழில என்ன சொல்லலாம் எண்டு கேக்கிற இந்த இழையை மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டு வாறன், இண்டைக்குத்தான் இருந்து எழுத நேரம் வந்தது. எனக்கு இது ஏன் அவசரம் எண்டதை முதல்ல சொல்லுறன். மார்கழி லீவுக்கு எங்கட ஊர் வாசிகசாலையில பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையளுக்கு ரெண்டு நாள் வகுப்பு வைக்கிறம். நத்தார், பொங்கல் வாழ்த்துப் படங்களை அவையே கொம்பியூட்டரில செய்யவேணும், தங்களுக்குப் பிடிச்ச கார்ட்டூன் ஆக்களை வெட்டி எடுத்து எங்கட ஊர்ப் படங்களுக்குள்ள கொண்டுவந்து வைக்கவேணும். செய்முறைத்தாளைத் தமிழில எழுதத் தொடங்கினன், முதல் வரியிலயே நிண்டுபோச்சு. "இண்டைக்கு நாங்கள் ஒரு ........ செய்யப்போறம்." அந்தப் புள்ளிக்கோட்டில என்ன எழுதுறது?

> படத்தொகுப்பு எண்டே வைக்கலாமே, எல்லாருக்கும் விளங்கும்

அண்ணை, விளங்கும்தான், ஆனா வேற ஒண்டா விளங்கும். அந்தச் சொல்லை சினிமாக்காரர் எப்பவோ எடுத்திட்டினம், எடிற்றிங் எண்டால் படத்தொகுப்பு, எடிற்றர் எண்டால் படத்தொகுப்பாளர். அதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்டு இருக்கு. போனில கொலாஜ் எண்டு ஒரு வசதி வருதெல்லே, நாலு போட்டோவைக் குடுத்தால் நாலு பெட்டிக்குள்ள போட்டுத் தரும், கலியாண வீட்டுப் படங்களை வட்சப்பில அனுப்புறவை எல்லாரும் அதைத்தான் பாவிக்கினம். அதில ஒரு படமும் மற்றப் படத்தைத் தொடுறேல்லை, பக்கத்தில பக்கத்தில இருக்கும், அவ்வளவுதான். அதைப் படத்தொகுப்பு எண்டோ படக்கட்டம் எண்டோ சொல்லுங்கோ, எனக்கு மறுப்பில்லை. எங்கட பிள்ளையள் செய்யப்போறது அது இல்லை. வல்வெட்டித்துறையில பொங்கலுக்குப் பட்டம் ஏத்துற கடற்கரைப் படம் ஒண்டு, அதில நிக்கிற பெடியனுக்குப் பக்கத்தில மிக்கி மவுசைக் கொண்டுவந்து நிப்பாட்டி, பட்டத்தின்ர நூலை மிக்கியின்ர கையில குடுக்கிறது. அங்க மிக்கி தன்ர பழைய இடத்தை விட்டு வந்து புது இடத்தில ஒரு வேலை செய்யுது. வெயில் மேற்கால அடிச்சால் மிக்கியின்ர நிழலும் கிழக்கால விழவேணும், இல்லாட்டில் கண் உடனே பிடிச்சிடும். சேத்து வைக்கிறதும் பொருத்தி ஒட்டுறதும் ஒண்டில்லை, இங்கிலிசில ரெண்டுக்கும் ஒரே பேர் எண்டதுக்காக நாங்களும் ரெண்டையும் குழப்பத் தேவையில்லை.

படக்கோவை எண்டு ஒராள் எழுதியிருந்தார். கந்தோரில வேலை செய்த ஆரிட்டையும் கேட்டுப் பாருங்கோ, கோவை எண்டால் பைல். படக்கதம்பம் வடிவான சொல்தான், ஆனா கதம்பத்தில பூவுகள் ஒரு நாரில வரிசையாக் கட்டுப்பட்டு நிக்கும், ஒண்டுக்கு மேல ஒண்டு படிஞ்சு ஒரு காட்சியா மாறாது.

> ஏன் கஷ்டப்படுறியள், கொலாஜ் எண்டே எழுதுங்கோ. நத்தார், கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போத்துக்கீசச் சொல்தானே, அதுகளோட நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம்

இதைத்தான் கனக்க நேரம் யோசிச்சன், ஏனெண்டால் இதில உண்மை இருக்கு. போத்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 இல இருந்து 1658 வரைக்கும், நாப்பது வருசம் கூட இல்லை, ஆனா அவையின்ர சொல்லுகள் இண்டைக்கும் எங்கட குசினிக்குள்ளயும் விறாந்தையிலயும் இருக்கு. மானிப்பாயில தமிழிலயே இங்கிலிஸ் வைத்தியம் படிப்பிச்ச டொக்டர் கிறீன் காலத்திலயும் இதே யோசினை இருந்திருக்கு, உடம்புக்கும் நோய்க்கும் எத்தனையோ தமிழ்ச் சொல்லுகளை ஆக்கின அந்த வட்டத்தில இருந்து 1875 இல வந்த இரசாயனப் புத்தகத்துக்குப் பேர் கெமிஸ்தம். அப்ப பிறமொழிச் சொல்லை எடுக்கிறது குற்றம் எண்டு நான் சொல்லேல்லை. கார்ட்டூனைக்கூட நான் கார்ட்டூன் எண்டுதான் எழுதுவன். கேலிச்சித்திரம், கருத்தோவியம் ரெண்டும் பேப்பரில வாற அரசியல் படத்துக்குப் போட்டுது, மிக்கியைக் கேலிச்சித்திரம் எண்டால் பிள்ளை முழிக்கும்.

ஆனா கதிரை வந்த மாதிரி கொலாஜ் வரேல்லை. கதிரை பொருளோட வந்தது, வீட்டுக்குள்ள இருந்தது, அதில இருந்து இருந்து சொல்லும் எங்கட சொல்லாப் போச்சு. கொலாஜ் எண்ட சொல்லு பிள்ளைக்கு ஒண்டும் காட்டாது, ஒட்டு எண்டால் கை என்ன செய்யவேணும் எண்டு உடனே தெரியும்.

கொலாஜ் எண்ட அந்த பிரெஞ்சுச் சொல்லின்ர உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. அதின்ர வேரான கோலே எண்டால் பசை போட்டு ஒட்டுறது, வேற ஒண்டுமில்லை. 1912 இல பிக்காசோ ஒரு ஓவியத்தில பிரம்பு பின்னின கதிரையைக் காட்டவேணும் எண்டு, அதைக் கீறாமல் பிரம்புப் பின்னல் அச்சடிச்ச எண்ணெய்த்துணித் துண்டொண்டை அப்பிடியே எடுத்து ஒட்டினார். அதே வருசம் பிராக் எண்ட ஓவியர் கடதாசித் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார். அவை சாதாரணமா வீட்டில பாவிக்கிற வினைச்சொல்லைத்தான் கலைக்குப் பேரா வைச்சவை. கார்ட்டூன் எண்ட சொல்லும் அப்பிடித்தான், இத்தாலியில கார்ட்டோனே எண்டால் தடிச்ச கடதாசி. கடதாசியும் இல்லாமல் பசையும் இல்லாமல் திரையில செய்யிற வேலைக்கு அவையள் இண்டைக்கும் பசையின்ர பேரையும் கடதாசியின்ர பேரையும்தான் சொல்லினம், அதில ஒருத்தருக்கும் வெக்கமில்லை. நாங்கள் மட்டும் ஏன் ஒட்டு எண்டு சொல்லக் கூசவேணும்?

> ஒட்டுப்படம் எண்டால் கிழிஞ்ச சீலைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு ஏழ்மை தெரியுது

அக்கா, நீங்கள் எழுதினது என்னை யோசிக்க வைச்சது. ஒட்டுப்போடுறது எண்ட பேச்சில அந்த நிறம் இருக்கு, இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா எங்கட வளவில நிக்கிற கறுத்தக்கொழும்பானையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. ஒட்டுமாங்கண்டு எண்டு தேடிப்போய்க் கூடக் காசு குடுத்து வாங்கினம், ஒட்டு எண்ட சொல் அங்க மதிப்பைக் கூட்டுது. அடிமரம் ஒண்டு, மேல கட்டுற கொப்பு வேற மரத்தில இருந்து வெட்டினது, ரெண்டும் பட்டையோட பட்டை பொருந்திச் சேந்தால்தான் கண்டு தப்பும். நல்ல ஒட்டுப்படமும் இதுதான், அடிப்படம் ஒண்டு, மேல வாற துண்டு வேற இடத்தில இருந்து வெட்டினது, அளவும் வெளிச்சமும் பொருந்தவேணும். சீலை ஒட்டை விடுங்கோ, மா ஒட்டைப் பிடிப்பம்.

ஒட்டுச்சித்திரம் எண்டு பள்ளிக்கூடத்தில ரீச்சர் சொல்லித் தந்தது எனக்கும் ஞாபகம், கலர்க் கடதாசியைக் கிழிச்சு மாப்பசை பூசி ஒட்டினது. அது அப்பிடியே இருக்கட்டும். கொம்பியூட்டரில போட்டோவும் வரும் கீறினதும் வரும், எங்கட பேச்சில படம் எண்ட சொல் ரெண்டையும் தாங்கும், படம் எடுக்கிறம், படம் கீறுறம், சித்திரம் எண்டால் கீறினது மட்டும்தான். அதால ஒட்டுப்படம். முன்னுக்கு எண்ணிம (டிஜிற்றல்) எண்டு போடுறதும் எனக்கு வேண்டாம், வகுப்பு நடக்கிறது கொம்பியூட்டருக்கு முன்னால, ஆர் பிழையா விளங்கப்போகினம்? கடதாசி ஒட்டுப்படம், கணினி ஒட்டுப்படம் எண்டு பிரிக்கவேண்டிய இடத்தில பிரிக்கலாம்.

நேற்று என்ர பெறாமகளிட்ட சொல்லிப் பாத்தன், பத்து வயசு. "ஒட்டுப்படம் செய்வமோ" எண்டு கேட்டன், "பசை எங்க சித்தப்பா" எண்டாள். லப்ரொப்பைத் திறந்து தமிழ் மெனுவைக் காட்டினன், வெட்டு, நகலெடு, ஒட்டு எண்டு இருக்கு. "ஓ, இதுதான் பசையோ" எண்டிட்டு தானே அமத்தினாள். பாலன் குடிலுக்குப் பக்கத்தில, சவுக்குக் கொப்புக்குக் கீழ மிக்கி வந்திருந்தது, ஆனா சுத்திவர வெள்ளைப் பெட்டியோட. ஜேபெக் வகைக் கோப்பில படத்துக்குப் பின்னணியை இல்லாமல் வைக்கேலாது, பிஎன்ஜி வகைக் கோப்பு வேணும் எண்டு அங்க ஒருக்கா விளங்கப்படுத்தவேண்டி வந்தது, தாளிலயும் அதைச் சேக்கவேணும். (மிக்கியை நான் தெரிவுசெய்ததுக்குக் காரணமும் இருக்கு, 1928 இல வந்த முதல் கறுப்பு வெள்ளை மிக்கிக்கு அமெரிக்காவில 2024 தை 1 ஓட பதிப்புரிமை முடிஞ்சுது. பிந்தி வந்த கலர் மிக்கிக்கு அது பொருந்தாது, மற்றக் கார்ட்டூன் ஆக்களைப் பிள்ளையள் வீட்டுக்குச் செய்யலாம், நாங்கள் அச்சடிச்சு விக்கக்கூடாது.)

இப்ப தாளில இப்பிடி எழுதியிருக்கிறன்: "இண்டைக்கு நாங்கள் ஒரு ஒட்டுப்படம் செய்யப்போறம். முதல்ல அடிப்படத்தைத் திறவுங்கோ. பிறகு உங்கட துண்டை வெட்டி எடுத்து, புது அடுக்கில ஒட்டுங்கோ." வெட்டி எடுத்த உருவத்துக்குத் துண்டு, படத்துக்கு மேல படமா வைக்கிற லேயருக்கு அடுக்கு. அடுக்கில மட்டும் எனக்கு ஒரு தயக்கம், சட்டி பானை அடுக்கிற நினைப்பு வருது, கண்ணாடித்தாள் மாதிரி ஊடாலத் தெரியுற தன்மை அதில இல்லை. படலம் எண்டு ஒராள் முந்தி ஒரு இழையில எழுதினது ஞாபகம், அவர் இங்க இருந்தால் ஏன் அதைத் தெரிவுசெய்தவர் எண்டு ஒருக்கா எழுதுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் தாளை அச்சுக்குக் குடுக்கவேணும்.